கடல்குதிரைக் குஞ்சுகள் குறைகின்றனவா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

குஞ்சுகளைச் சுமக்கும் ஆணின் பை சுருங்கிவிட்டது, தொட்டியில் குஞ்சு ஒன்றைக்கூடக் காணோம். அல்லது முதல் நாள் இருநூறுக்கு மேல் மிதந்தவை மூன்றாம் நாள் இருபதாக வந்து நிற்கின்றன. இந்த நிலையில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது கூட இருக்கும் மீனைத்தான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மீனைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகும் குஞ்சுகள் குறைந்துகொண்டே போகும்போதுதான், நாம் கணக்கில் சேர்க்காத குடித்தனக்காரர்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது தெரியவரும்: பாறை இடுக்கில் இறால், கண்ணாடியில் ஹைட்ராய்டு என்ற கொட்டும் சிற்றுயிர், மூலையில் பம்பின் வாய்.

ஆகவே எதையும் பிடிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். செத்த குஞ்சின் உடல் கிடைக்கிறதா, இல்லையா? கிடைக்கவில்லை என்றால் ஏதோ தின்றிருக்கிறது, இல்லாவிட்டால் ஏதோ உறிஞ்சியிருக்கிறது. கிடைக்கிறது என்றால் கொட்டுப்பட்டிருக்கும், காற்றை விழுங்கியிருக்கும், பட்டினி கிடந்திருக்கும், அல்லது தண்ணீர் கெட்டிருக்கும். இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இது வீட்டில் செய்யக்கூடிய பொழுதுபோக்கு அல்ல. 2001 முதல் கடல்குதிரைகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன; மன்னார் வளைகுடாவிலோ பாக் நீரிணையிலோ வலையில் சிக்கியதை வாங்கி வந்து தொட்டியில் விடுவது குற்றம். உலக வர்த்தகத்துக்கும் 2004 மே முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. பண்ணையில் பிறந்த கடல்குதிரையை முறைப்படி வாங்க முடிகிற நாடுகளில் இருப்பவர்களுக்கே இந்தக் குறிப்பு. அமெரிக்கத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ் இனத்தை வைத்து எழுதுகிறேன். ரெய்டி, குடா, குள்ளக் கடல்குதிரை என்ற மற்ற மூன்று இனங்களுக்கும் விஷயம் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

எரெக்டஸ் குஞ்சு பிறக்கும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். ரெய்டியும் குடாவும் அதைவிடச் சிறியவை, 7 மி.மீ. அளவுதான். ஒரு பிரசவத்தில் எரெக்டஸ் சில நூறு குஞ்சுகள் ஈனும். ரெய்டி ஆயிரத்தையும் தாண்டும். குள்ளக் கடல்குதிரைக்கு இருபது வந்தாலே பெரிய குடும்பம். குள்ளக் குஞ்சு பிறந்த கையோடு எதையாவது வாலால் பிடித்துக்கொள்ளும். எரெக்டஸ் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை மேல்தண்ணீரில் மிதந்துவிட்டுத்தான் பிடிமானம் தேடும். ரெய்டியும் குடாவும் இன்னும் நீண்ட நாள் மிதக்கும். மிதக்கிற வரை ஆபத்து மேற்பரப்பிலும் பம்பிலும் இருக்கிறது. பிடிக்கத் தொடங்கியதும் பாறைக்கும் தரைக்கும் இடம் மாறுகிறது.

பை காலி; குஞ்சும் இல்லை, உடலும் இல்லை

முதலில் பிரசவம் நடந்ததா என்று பாருங்கள். ஜோடி சேரும் நாட்களில் ஆண் பையில் தண்ணீரை ஏற்றி உப்பவைத்துப் பெண்ணுக்குக் காட்டும். பிறகு அதுவே வடித்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கர்ப்பம் என்று நினைத்து நாள் எண்ணுவதும், பிறகு குஞ்சுகளை இறால் தின்றுவிட்டதாக வருந்துவதும் அடிக்கடி நடக்கிறது. 23, 24 டிகிரி செல்சியஸில் எரெக்டஸின் கர்ப்பம் இரண்டு முதல் மூன்று வாரம் நீடிக்கும். அந்தக் காலம் முழுக்க பை படிப்படியாகப் பெருத்துக்கொண்டே வந்து, கடைசி ஓரிரு நாள் ஆண் சரியாகச் சாப்பிடாமல், மூச்சு வேகமாகி, ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மடங்கி நிமிர்ந்திருந்தால்தான் பிரசவம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

பிரசவம் நடந்தது உறுதி என்றால் முதல் வேலை பம்புகளை எல்லாம் நிறுத்துவது. தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் இரவிலோ விடியும் முன்னரோ குஞ்சுகள் வெளியே வருகின்றன. நாம் விளக்கைப் போடும்போது அவை சில மணி நேரமாக நீரோட்டத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். நீந்தும் வலு என்று சொல்லும்படி எதுவும் அவற்றுக்குக் கிடையாது. முதுகுத் துடுப்பு படபடவென்று அடிக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

கண்ணாடி விளிம்பில் தொங்கும் பில்டராக இருந்தால் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சம்ப் என்ற வடிகட்டும் துணைத்தொட்டியைக் கீழே வைத்திருந்தால், மேல்தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, அதன் கீழே பில்டர் சாக்ஸ் என்ற வடிகட்டும் துணிப்பை, அதன் கீழே சம்பின் முதல் அறை என்ற வரிசையில் போங்கள். ஓவர்ஃப்ளோவில் விழுந்த குஞ்சுகள் சம்பில் உயிரோடு சுற்றிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். சாக்ஸைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி உதறக் கூடாது. ஒரு வாளித் தொட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மெல்ல உள்புறத்தை வெளிப்புறமாகப் புரட்ட வேண்டும்.

உறிஞ்சும் வாய்க்கெல்லாம் ஸ்பான்ஜ் மாட்டச் சொல்வார்கள். சரியான யோசனைதான், ஆனால் பாதி யோசனை. சின்ன ஸ்பான்ஜில் இழுவை முழுவதும் ஓர் இடத்தில் குவியும். குஞ்சு அதில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விலக முடியாமல் சாகும். ஆண் கர்ப்பமாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ளலாம்: குஞ்சுத் தீனியான ஆர்டீமியா (பொரித்தெடுக்கும் உப்புநீர்ச் சிற்றிறால்) ஒரு பிடி விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஸ்பான்ஜின் மீது ஆரஞ்சுப் படலம் திட்டாகப் படிந்திருந்தால் அந்தத் திட்டில்தான் குஞ்சும் போய் ஒட்டும். பெரிய ஸ்பான்ஜாக மாற்றுங்கள், பம்பின் வேகத்தைக் குறையுங்கள். பிரசவ நாள் நெருங்கும்போது நீரோட்டம் கிளப்பும் பவர்ஹெட் பம்பை எடுத்துவிட்டு வெறும் ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் பில்டரை நம்புவது நல்லது.

சம்பிலும் இல்லை, சாக்ஸிலும் இல்லை. அப்படியானால் தின்றிருக்கிறது. யார் என்பதற்கு என் வரிசை இது.

பெப்பர்மின்ட் இறாலுக்குத்தான் முதல் இடம். கண்ணாடியில் முளைக்கும் ஐப்டேசியா அனிமோனைத் தின்னும் என்பதற்காகவே இதை வாங்கி விடுகிறோம். ஐப்டேசியா குஞ்சுகளைக் கொட்டும் என்பதால் அந்த வாதமும் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இது இரவில் இரை தேடும் பிராணி. பகல் முழுக்கப் பாறைக்கடியில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, விளக்கணைந்ததும் ஹீட்டர் வயர், பில்டர் குழாய் எது கிடைத்தாலும் அதைப் பிடித்து மேற்பரப்பு வரை ஏறும். பிரசவமும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். தொட்டியின் மேல்பாதியில் இறாலின் மீசை ஆடினால் சந்தேகத்துக்கு வேலையில்லை. கிளீனர் இறாலும் இதே ரகம். அது வளர்ந்த கடல்குதிரையைத் தொந்தரவு செய்யாமல் இருக்கலாம். எதிரே மிதந்து வரும் ஒரு சென்டிமீட்டர் உயிரை விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, மிதவை உணவு தின்னும் சிறு மீன்கள். ஃபயர்ஃபிஷ், சின்னக் கோபிகள் எல்லாம் வளர்ந்த கடல்குதிரையோடு சேர்ந்து வாழும் சாது மீன்கள் என்றே விற்கப்படுகின்றன. அந்தச் சாதுத்தனம் பெரியவற்றோடு மட்டும். அவற்றின் கண்ணுக்குக் கடல்குதிரைக் குஞ்சு, தண்ணீரில் வரும் இன்னொரு இரை, அவ்வளவுதான். பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும் மாண்டரின் மீனின் வாய் சிறியது. என்றாலும் பாறையைப் பிடித்துத் தொங்கும் குள்ளக் குஞ்சை அதனிடம் ஒப்படைக்க நான் தயாரில்லை.

ஹெர்மிட் நண்டுகளும் எமரால்டு நண்டும் தரையிலும் பாறையிலும் பிடித்திருக்கும் குஞ்சுகளுக்கு எமன். மிதக்கும் பருவத்தில் இவற்றால் பெரிய சேதமில்லை. பாறை ஓட்டையிலிருந்து வரும் முள்புழுவின் மீது பழி விழுவது மட்டும் பெரும்பாலும் அநியாயம். செத்ததைத் தின்ன வந்ததைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று முடிவு கட்டுகிறோம். நஸ்ஸாரியஸ், ட்ரோக்கஸ், செரித் நத்தைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இவ்வளவையும் பிடித்து வெளியேற்றுவதைவிடக் குஞ்சுகளை வெளியே எடுப்பது எளிது. எடுக்கும் விதம்தான் முக்கியம். அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு மூலையில் மேற்பரப்பை ஒட்டி டார்ச்சைப் பிடியுங்கள். மிதக்கும் பருவக் குஞ்சுகளுக்கு வெளிச்சத்தின் மேல் அப்படியொரு ஈர்ப்பு. சில நிமிடத்தில் அந்த மூலையில் திரளும். ஒரு பிளாஸ்டிக் குவளையை விளிம்பு மட்டும் அமிழும்படி சாய்த்தால் தண்ணீர் தானாக உள்ளே வழியும், குஞ்சுகளும் அதோடு வரும். வலை கூடவே கூடாது. வலையில் தூக்கினால் தண்ணீரைவிட்டு வெளியே வரும் அந்த ஒரு நொடியில் காற்றை விழுங்கிவிடும். அதன் விளைவைக் கீழே தனியாகச் சொல்கிறேன். பாறை நடுவே தங்கிவிட்டவற்றை அகன்ற வாய்க் குழாயால் மெல்லச் சைஃபன் செய்யலாம்.

பிரசவம் ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். ஒரு தொகுதி வெளியே வந்து, சில மணி நேரம் கழித்து இன்னொன்று வரலாம். மறுநாளும் சில வரும். பைக்குள் இன்னும் அசைவு தெரிகிறதா என்று பார்த்த பிறகு பம்பைப் போடுங்கள்.

வலைப்பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன், இருந்தும் குறைகிறது

கப்பி, மோலி மீன்களுக்கு வாங்கிய வலைப்பெட்டியை அப்படியே கடல்குதிரைக்கும் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. அதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, குஞ்சு வலைக்கண்ணிலேயே வாலைக் கோத்துக்கொள்ளும். வால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் ஏறி நிற்கும் இறாலுக்கோ நண்டுக்கோ அது போதும். வால் நுனி சிதைந்த குஞ்சுகளைப் பார்த்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியா அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரண வலைக்கண் வழியே அது தாராளமாக வெளியேறிப் பெரிய தொட்டிக்குப் போய்விடும். நாளுக்கு நாலு வேளை போட்டும் உள்ளே பட்டினி. வெளியே இருக்கும் மீன்களுக்கு விருந்து.

பெரிய தொட்டிக்குள்ளேயே வைத்தாக வேண்டும் என்றால் அடைத்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு சன்னலை மட்டும் வெட்டி, அதில் ஆர்டீமியா தாண்டாத நுண்வலையை ஒட்டி, ஏர் பம்பின் மெல்லிய ஓட்டத்தால் தண்ணீர் வந்துபோகும்படி செய்யுங்கள். பெரிய தொட்டியின் தண்ணீரே என்பதால் வெப்பமும் உப்பும் நிலையாக இருக்கும், அமோனியாவும் எளிதில் ஏறாது. பெரிய தொட்டியில் உள்ள தொல்லைகளும் கூடவே வரும் என்பதுதான் இதன் குறை. அது அடுத்த அறிகுறி.

உடல்கள் கிடைக்கின்றன, கண்ணாடியில் மெல்லிய ரோமம்

இதுதான் நிறையப் பேரை ஏமாற்றுவது. மீன் இல்லை, இறால் இல்லை, தண்ணீர்ச் சோதனையில் எல்லாம் சரி. ஆனாலும் தினமும் அடியில் சில உடல்கள். உயிரோடு இருப்பவற்றிலும் ஒன்றிரண்டு திடீரென்று சுருண்டு துடிக்கும். வாலிலோ வயிற்றிலோ வெளிறிய புள்ளி தெரியும்.

ஆர்டீமியா போட்டு ஒரு பத்து நிமிடம் விடுங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து, கண்ணாடியை ஒட்டியே அடியுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு தூசு என்று விட்டுவிட்ட இடத்தில் காம்பு தெரியும். காம்பின் நுனியில் விரிந்த கொட்டும் இழைகள். அவற்றுக்கு நடுவே, ஒளி ஊடுருவும் உடம்புக்குள், ஓர் ஆரஞ்சுப் புள்ளி. அந்த ஆரஞ்சு நீங்கள் சற்றுமுன் போட்ட ஆர்டீமியா. அதுதான் ஹைட்ராய்டு. சில வகைகள் ஓரிரு மி.மீ. அகல ஜெல்லிகளாகப் பிரிந்து தண்ணீரில் துடித்துக்கொண்டும் திரியும்.

வளர்ந்த கடல்குதிரைக்கு இதன் கொட்டு பெரிய விஷயமில்லை. பிறந்த குஞ்சுக்கு ஒரு தொடுகை போதும். கொட்டி உடனே சாகாவிட்டாலும் புண்ணான இடத்தில் விப்ரியோ பாக்டீரியா புகுந்துகொள்ளும். லைவ் ராக் (கடலுயிர்கள் குடியேறிய பாறை), கடற்பாசி, உயிருணவு வளர்ப்பு நீர் இவற்றோடு ஹைட்ராய்டு வீட்டுக்குள் வருகிறது. சாதாரணத் தொட்டியில் இரை குறைவு என்பதால் கண்ணில் படாமலே இருக்கும். குஞ்சுகளுக்காக நாளுக்குப் பல வேளை ஆர்டீமியா கொட்டத் தொடங்கும்போது அதுவும் சேர்ந்து தின்று சில நாட்களில் சுவர் முழுக்கப் பரவிவிடுகிறது. குஞ்சுகளுக்குத் தீனி கூடக்கூட எதிரிக்கும் தீனி கூடுகிறது.

சுரண்டி எடுப்பது பயன் தராது. சிதறிய துண்டுகள் மறுபடி முளைக்கும். குஞ்சுத் தொட்டியில் கண்டால் அதே நாளில் குஞ்சுகளைக் குவளையால் மொண்டு, புதிதாகக் கலந்த உப்புநீர் உள்ள சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வெப்பமும் உப்பும் பழைய தண்ணீரோடு ஒத்திருக்க வேண்டும். பழைய தண்ணீரை முடிந்தவரை கொண்டுபோகாதீர்கள். பிடிமானத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் செடியையும் கயிற்றையும் தூக்கி எறியுங்கள். காலியான தொட்டியை பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, கழுவி, குளோரின் நீக்கி விட்டு, வாடை போகும்வரை அலசி, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். இரண்டு குஞ்சுத் தொட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது கூடுதல் வேலையாகத் தெரிந்தாலும், இந்த ஒரு எதிரிக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பானாகூர் என்ற பெயரில் விற்கும் ஃபென்பென்டசோல் மருந்தைப் போடலாமா என்று உடனே கேட்பார்கள். ஹைட்ராய்டைக் கொல்லும், கடல்குதிரை தாங்கும்; இரண்டும் உண்மை. ஆனால் அது நத்தைகளில் பலவற்றையும் முள்புழுக்களையும் சில பவளப் பாலிப்புகளையும் சேர்த்தே கொல்லும். பாறைக்குள் இருக்கும் புழுக்கள் மொத்தமாகச் செத்தால் அமோனியா எகிறும். மருந்து லைவ் ராக்கில் ஊறி நெடுநாள் தங்கும். பாறையே இல்லாத வெறும் தொட்டிக்குச் சரி. பவளம் வைத்த பெரிய தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். போடுவதானால் மருந்தின் செறிவைக் காட்டிக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய தொட்டியில் யூஃபிலியா பவளம், அனிமோன், ஐப்டேசியா இருந்தாலும் இதே கதைதான். அவற்றின் அருகே குஞ்சு மிதந்து போவதைத் தடுக்க வழியில்லை. குஞ்சை வேறு இடத்துக்கு மாற்றுவது மட்டுமே வழி.

மேற்பரப்பில் படுத்துக் கிடக்கின்றன

மிதப்பது வேறு, மாட்டிக்கொள்வது வேறு. ஆரோக்கியமான குஞ்சு மேல்தண்ணீரில் இருந்தாலும் நிமிர்ந்தே இருக்கும், தலை இரை தேடி அங்குமிங்கும் திரும்பும். மாட்டிக்கொண்டது படுக்கைவாட்டில் கிடக்கும். முதுகோ தலையோ தண்ணீருக்கு மேலே உலர்ந்து தெரியும். கீழே போக வாலை அடிக்கும், முடியாது.

காற்றை விழுங்கியதால் வருவது இது. மேலிருந்து வரும் வெளிச்சம் குஞ்சுகளை மேற்பரப்பிலேயே நிறுத்திவைக்கிறது; அங்கே இரை என்று நினைத்துக் காற்றுக்குமிழியை உறிஞ்சுகின்றன. ஏர் ஸ்டோன் கிளப்பும் பொடிக் குமிழிகளும் ஆபத்து. ஆர்டீமியாவைச் சத்தேற்றப் பயன்படுத்தும் எண்ணெய்க் குழம்பைச் சரியாக அலசாமல் போட்டால் மேலே எண்ணெய்ப் படலம் கட்டி, வந்து தொட்ட குஞ்சை அங்கேயே பிடித்துவைக்கும்.

தொட்டியின் பக்கங்களிலும் அடியிலும் கறுப்புத் தாள் ஒட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்படி செய்யுங்கள். ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் முனையிலிருந்து பெரிய குமிழிகள் மெதுவாக எழும்பினால் மேற்பரப்பும் உடையும், தண்ணீரும் வட்டமாகச் சுழலும். எண்ணெய்ப் படலத்தைச் சமையலறைக் காகிதத்தை மேலே படியவைத்து எடுத்துவிடலாம். மாட்டிய குஞ்சின்மீது பைப்பெட்டால் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் பிடியிலிருந்து விடுபட்டு இறங்கும். உடம்புக்குள் காற்றுப் போனதில் சில பிழைக்கும், பல பிழைக்காது. வராமல் தடுப்பதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு அடியில் உருள்கின்றன

பிடிமானம் தேடும் வயது வந்துவிட்டது, பிடிக்க எதுவும் இல்லை. முடிச்சுப் போட்ட நைலான் கயிறோ மெல்லிய பிளாஸ்டிக் செடியோ தொங்கவிடுங்கள். சிக்கியவற்றை விரலால் பிரிக்க வேண்டாம், தாமே விடும். பெரிய தொட்டியிலிருந்து கடற்பாசிக் கொத்தைக் கிள்ளிப் போடும் ஆசை வரும். ஹைட்ராய்டு அதில்தான் வரும்.

தின்கின்றன, ஆனாலும் முதல் வார முடிவில் கொத்தாகச் சாகின்றன

இதைத் தொற்று என்று நினைத்து மருந்து தேடுவதற்கு முன் உடல்வாகைப் பாருங்கள். தலை மட்டும் பெரிதாகத் தெரிந்து, வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி. கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது வேகமாகக் குடல் வழியே வெளியேறிவிடும், அதனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் முன்னால் இரை இருந்தாக வேண்டும். இன்னொரு பக்கம், அளவுக்கு மீறி இரை அடர்ந்திருந்தாலும் செரிக்காமலே தள்ளிவிடும். கழிவு ஆரஞ்சு இழையாகவே தொங்கினால் ஆர்டீமியா செரிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு வேளைக்குப் போடும் அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டுங்கள்.

ஆர்டீமியா பொரித்த சில மணி நேரம்தான் அதன் உடம்பில் மஞ்சள் கருவின் சத்து இருக்கும். பழசானதை அப்படியே போட்டால் குஞ்சுக்கு வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. பொரித்ததும் போடுங்கள், அல்லது அது வாய் திறந்து தின்னும் அடுத்த நிலைக்கு வரும்வரை அரை நாள் போல வைத்திருந்து, சத்தேற்றி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். பொரியாத முட்டைகளும் ஓடுகளும் கலந்து போனால் குடல் அடைக்கும். பொரிப்பதற்கு முன்பே ஓடு நீக்கிய முட்டைகளைப் பயன்படுத்துவது இந்த வயதுக் குஞ்சுக்குப் பாதுகாப்பானது.

ரெய்டி, குடா வளர்ப்பவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. அவற்றின் வாய்க்கு முதல் நாட்களில் ஆர்டீமியாவே பெரிது. ரோட்டிபர், கோபிபாட் குஞ்சுகள் போன்ற அதைவிடச் சிறிய மிதவை உயிர்கள் பிரசவத்துக்கு முன்பே வளர்ப்பில் தயாராக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் இவற்றின் குஞ்சுகளைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

வயிறு ஒட்டாமல், உடம்பும் மெலியாமல் செத்தால் தண்ணீரைப் பாருங்கள். அமோனியா பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். அடியில் தங்கும் செத்த ஆர்டீமியாவை நாளுக்கு இரண்டு வேளை சைஃபன் செய்து எடுக்க வேண்டும். வெப்பம் 24 டிகிரிக்கு மேலே போகப் போக விப்ரியோவுக்குக் கொண்டாட்டம். அதனால் சீக்கிரம் வளரட்டும் என்று ஹீட்டரைக் கூட்டாதீர்கள்.

அப்பாவே தின்றுவிட்டதா?

எப்போதாவது வெடுக்கென்று ஒன்றை உறிஞ்சும். பெண்ணும் செய்யும். பெரும்பாலான பெற்றோர் குஞ்சுகளைக் கண்டுகொள்வதே இல்லை, காப்பதும் இல்லை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் காணாமல் போனதற்கு அப்பாவைக் காரணம் சொல்ல முடியாது, சம்பைப் பாருங்கள்.

இதற்காகக் கர்ப்ப ஆணைப் பிரசவத்துக்கு முன் தனித்தொட்டிக்கு மாற்றுவது சிலர் வழக்கம். கடைசி நாட்களில் துரத்திப் பிடித்து மாற்றினால் அதிர்ச்சியில் முதிராத குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும். வயிற்றில் மஞ்சள்கருப் பை ஒட்டியபடி அடியில் விழும் அவை பிழைப்பதில்லை. கூட இருக்கும் இறாலையும் மீனையும் மாற்றுங்கள், ஆணை விட்டுவிடுங்கள். தொட்டி நிறைய இறாலும் கோபியும் இருந்து வேறு வழியே இல்லையென்றால் கர்ப்பத்தின் முதல் வாரத்திலேயே மாற்றி, பழகிய பிடிமானத்தையும் கூடவே வைத்து, பெண்ணையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

பெரிய தொட்டிக்கு எப்போது திருப்பி விடலாம்

மாதக் கணக்கைவிட அளவும் உணவுப் பழக்கமும்தான் கணக்கு. 5 செ.மீ. தாண்டி, உறைந்த மைசிஸ் இறாலைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளும் குஞ்சைச் சிறுமீன்கள் தொடாது. ஹெர்மிட் நண்டு இருந்தால் இன்னும் பொறுங்கள். இரவில் எதையாவது வாலால் பிடித்துத் தூங்கும் குட்டி அதற்கு எட்டும். ஒன்றிரண்டை முதலில் விட்டு, இரண்டு இரவு சிவப்பு வெளிச்சத்தில் கவனித்துவிட்டு மற்றவற்றை விடுங்கள்.

இதற்கிடையில் ஆண் சும்மா இருக்காது. பிரசவமான சில நாளில், சில சமயம் அதே நாளில், மறுபடி ஜோடி சேர்ந்துவிடும். முதல் தொகுதி இன்னும் ஆர்டீமியா கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று வாரத்தில் அடுத்தது வந்து நிற்கும். இரண்டு தொகுதிக்குத் தொட்டியும் தீனியும் இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்துவிடுங்கள். இடையே கண்ணாடித் தடுப்பு வைத்தால் போதும்.